நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு நீவி விடுவது: எங்கே கை படலாம், எங்கே படக்கூடாது

பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "நெஞ்சு வலிக்குதா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு நெஞ்சைவிட முதுகுதான் உயிரை எடுத்தது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே யாரோ ஆப்பு அடித்து வைத்ததுபோல ஒரு வலி. கழுத்தைத் திருப்ப முடியாது, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் படுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு பக்கத் தாளில் மாத்திரை, சாப்பாடு, அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் இருந்தன. முதுகு இப்படி வலிக்கும் என்றோ, வலித்தால் நீவி விடலாமா கூடாதா என்றோ ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எனக்கு ஆறு வாரமும் முப்பதாயிரத்துக்கு மேல் பணமும் போயின. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன வாரம், ஜூன் நடுவில், மதுரையில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. எட்டு நாள் கழித்து, ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் என் ஊருக்குக் காரில் கூட்டி வந்தார்கள். முதல் பாடம் அந்தப் பயணத்திலேயே தொடங்கியது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். சாலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊருக்குள் திரும்பியதும் வரும் ஒவ்வொரு வேகத்தடையும் நெஞ்செலும்பில் இடிக்கும். பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். சீட் பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும், ஆனால் பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்து, உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து குறையும். இருமல் வந்தால் அதே தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்து இருமுங்கள். நான் வந்தது கச்சான் காற்று வீசுகிற மாதம். மணல் தூசிக்கு ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இருமியிருப்பேன். அந்தத் தலையணை இல்லாமல் ஒரு தடவைகூட இருமியிருக்க முடியாது.

முதுகு ஏன் வலிக்கிறது என்பதைப் பிறகு வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்தான் எனக்கு விளக்கினார். அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்து, ஒரு இரும்புச் சட்டத்தை வைத்து இரண்டு பக்கமும் அகட்டி, மூன்று நான்கு மணி நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். முன்னால் விரிந்தால் பின்னால் என்ன ஆகும்? விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகள் எல்லாம் நெளிந்து, அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிவிடுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு தையலுக்குப் பயந்து நாமே தோளை முன்னால் குறுக்கி, கூன் போட்டு நடக்கிறோம். அதில் கழுத்தும் மேல்முதுகும் இன்னும் இறுகும். சிலருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். எலும்பை அகட்டும்போது கைக்குப் போகும் நரம்பு இழுபடுவதால் அப்படி ஆகிறது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகிவிடும், ஆனால் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். இன்னொன்று, நெஞ்சின் உள்சுவரில் இடப்பக்கம் ஓடும் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். அதைப் பிரித்தெடுக்கும்போது தோலுக்கு வரும் சின்ன நரம்புகள் அடிபடுகின்றன. அதனால் தையலுக்கு இடப்பக்கம் மரத்துப்போயும், சில நேரம் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தும் இருக்கும். இந்த மரப்புதான் எனக்கு முதல் ஆபத்தைக் கொண்டுவந்தது.

பதினைந்தாம் நாள். வலி தாங்காமல் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். கல் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, பக்கத்து வீட்டு அக்கா முதுகில் வைத்தார். இதமாக இருந்தது. அப்படியே முன்னால் இடது மார்புக்கு மேலும் வைக்கச் சொன்னேன். எனக்குச் சூடே தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் சூடா வைங்கக்கா" என்றேன். மறுநாள் காலையில் அந்த இடத்தில் நாலணாக் காசு அகலத்துக்கு மூன்று கொப்புளங்கள். எனக்குச் சர்க்கரை வேறு இருப்பதால் அது ஆறுவதற்கு ஐந்து வாரம் ஆனது. புண்ணுக்குக் கட்டுப் போட்ட செலவு மட்டும் 3,200 ரூபாய். மரத்துப்போன தோலில் உப்பு, மணல், வெந்நீர்ப் பை, நொச்சி இலை எதையும் சூடாக வைக்கக் கூடாது. முதுகில் வைப்பதாக இருந்தாலும், வைக்கிறவர் தன் முழங்கையின் உள்பக்கத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அரை நிமிடம் சுகமாகத் தாங்கினால்தான் நம் முதுகுக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது.

இரண்டாவது தவறுதான் பெரிய தவறு. விடுப்பு முடிந்து மகன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். வீட்டில் நான் மட்டும். இருபத்து மூன்றாம் நாள், ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் எண்ணெய் போட்டு நீவுகிற பெரியம்மா ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனசு, நல்ல கை. நாற்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவர். "சளி நெஞ்சுல கட்டிக் கிடக்கு தாயி, உருவி விட்டாத்தான் இறங்கும்" என்றார். முதுகில் தொடங்கியபோது சொர்க்கமாக இருந்தது. அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கட்டை விரலையும் நெஞ்சுக்குழியிலிருந்து தோள் பக்கமாக வெளியே பார்த்து அழுத்தி உருவினார். பிறகு இரண்டு கெண்டைக்கால்களையும் பிசைந்து விட்டார். வலித்தது. வலித்தால்தான் வலி போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு அவர் கை தெரியும். அறுத்துக் கம்பியால் கட்டிய எலும்பு அவர் பார்த்திராதது.

அன்று ராத்திரியே நெஞ்சு முழுக்கக் கன்றிப்போய், மறுநாள் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டியது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக அழுத்தினாலே அப்படித்தான் ஆகும். மூன்றாம் நாள் கட்டிலில் புரளும்போது நெஞ்சுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கதவுத் தாழ்ப்பாள் ஆடுவது போல. கையை வைத்துப் பார்த்தால் எலும்பு அசைவது தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை எழுத வார்த்தை இல்லை. ராத்திரி பதினோரு மணி, பேச ஆள் இல்லை. அசையாமல் மல்லாந்து படுத்தபடியே விடிகிற வரைக்கும் இருந்தேன்.

திரும்பவும் மதுரை. எக்ஸ்ரேயில் கம்பிகள் அறுந்திருக்கவில்லை. சிடி ஸ்கேனில் எலும்பு சரியாகக் கூடவில்லை என்று தெரிந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பட்டை கொடுத்து, ஆறு வாரம் கூடுதலாகக் கையைக் கட்டிப்போட்டார்கள். பால் பாக்கெட்டுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. கார் 4,500, ஸ்கேன் 4,800, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் 1,300, மருத்துவருக்கு 700, பட்டை 1,400, இரண்டு நாள் அறை வாடகையும் சாப்பாடும் 2,600. இதில் ஒரு ரூபாய்கூடக் காப்பீட்டில் வரவில்லை. அந்த ஆறு வாரமும் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்தேன். நாளுக்கு 300 வீதம் 12,600. கொப்புளச் செலவையும் சேர்த்தால் 31,100 ரூபாய். பணம்கூடப் போகட்டும். மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததுதான் என்னை உடைத்தது.

அங்கே நான் கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு இது. எலும்பைச் சேர்த்து ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், பொதுவாக ஆறிலிருந்து எட்டு இடத்தில். கம்பி எலும்பைப் பிடித்து வைத்திருக்குமே தவிர, ஒட்டவைக்காது. ஒட்டுவதை உடம்புதான் செய்ய வேண்டும். ஓரளவு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம், நன்றாக இறுகுவதற்கு மூன்று மாதம். சர்க்கரை, புகை, அதிக உடல் எடை இருந்தால் இன்னும் தாமதமாகும். இந்தக் காலத்தில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது மூன்றும் ஆகாது. நம் பக்கத்துக்கு இதை எப்படிப் புரிந்துகொள்வது? தண்ணீர்க் குடம் ஒன்று நிறைந்தால் பதினைந்து கிலோ. அதைத் தூக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான்கு குடம் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளுவதும், அடிபம்பு அடிப்பதும், கிணற்றில் வாளி இழுப்பதும் அதே அளவு கெடுதல் என்பது தெரியாது. வலை இழுக்கிற, போட்டுக் கயிறு பிடிக்கிற ஆண்களுக்கு மூன்று மாதம் முடிந்தாலும் மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கடல். கட்டிலிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றி எழாதீர்கள். ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, அந்தக் கனத்திலேயே உடம்பை நிமிர்த்துங்கள். குப்புறப் படுப்பது மூன்று மாதத்துக்குக் கிடையாது. அதனால் குப்புறப் படுக்கவைத்து மசாஜ் செய்கிற எந்த இடத்துக்கும் அதுவரை போகவே கூடாது. தைலம், கிழி என்று அழகாக விளம்பரம் வைத்திருந்தாலும் சரி.

அப்படியானால் நீவியே விடக்கூடாதா? விடலாம். சொல்லப்போனால் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது அதுதான். மருத்துவர் சம்மதித்த பிறகு, வாரம் இரண்டு நாள் ராமநாதபுரத்திலிருந்து ஒரு பிசியோதெரபி பெண் வந்தார். தடவைக்கு 400 ரூபாய். ஆறு தடவை வந்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். "எலும்பு ஒட்டுறதுக்கு மசாஜ் உதவாது டீச்சர், இறுகின தசையைத் தளர்த்தி, வலியையும் பயத்தையும் குறைக்கும், அவ்வளவுதான் இதோட வேலை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இதய ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே இருபது நிமிட மசாஜ் கொடுத்துப் பார்த்து, வலி, பதற்றம், இறுக்கம் மூன்றும் குறைந்ததாக 2010-இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கிளீவ்லண்ட் கிளினிக்கில் செய்து பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதை அற்புதமாக நம்ப வேண்டாம். சரியாகச் செய்தால் கெடுதல் இல்லாத, சிலருக்கு நன்றாகக் கேட்கிற ஒரு கைமுறை. எனக்குக் கேட்டது.

அக்கா கற்றுக்கொண்ட முறையை அப்படியே எழுதுகிறேன். முதலில் உட்காரும் விதம். முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில் மேசையைப் பார்த்து உட்கார வேண்டும். மேசைமேல் இரண்டு தலையணை அடுக்கி, நெற்றியை அதில் சாய்த்து, கைகளைத் தோள் உயரத்துக்கு மேல் போகாமல் தலையணைக்கு இரண்டு பக்கமும் தளர்வாக வைக்க வேண்டும். மேசை விளிம்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நெஞ்செலும்பு எதன்மேலும் அழுந்தக் கூடாது. எண்ணெய், நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இரண்டு டீஸ்பூன் போதும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட வேண்டும். சில்லென்ற கை பட்டாலே தசை இன்னும் இறுகும். அழுத்தம் எவ்வளவு? நன்றாகப் பழுத்த சப்போட்டாவை எடுத்துக் கையில் உருட்டுங்கள், தோல் கிழியக் கூடாது. அந்த அளவு. பத்துக்கு மூன்று என்று அந்தப் பெண் சொல்வார். நமக்கு மூச்சைப் பிடிக்கத் தோன்றினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

தலைமுடி முடிகிற இடத்திலிருந்து கழுத்தின் பக்கவாட்டில் இறங்கித் தோள் நுனி வரைக்கும் உள்ளங்கையைப் பரப்பி மெதுவாக இழுக்க வேண்டும், பக்கத்துக்குப் பத்துத் தடவை. கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்கு இருபுறமும் துடிப்பு தெரிகிற இடம் பக்கம் கையே போகக் கூடாது. அடுத்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தடித்த சதையைக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, இருபது முப்பது விநாடி அப்படியே வைத்திருந்து விட வேண்டும். பிசையக் கூடாது. பிடித்து, காத்திருந்து, விட வேண்டும். இறுக்கம் தானாக இளகுவது கைக்கே தெரியும் என்று அக்கா சொல்வார். மூன்றாவது, தோள்பட்டை எலும்பின் உள் ஓரம். எனக்கு ஆப்பு அடித்த இடம் இதுதான். முதுகெலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, கட்டை விரலின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக, கீழிருந்து மேலே. முதுகெலும்பின் மேல் நேராக அழுத்தவே கூடாது. ஒரு இடத்தில் முடிச்சுப்போல அகப்படும். அதை உடைக்கப் பார்க்காமல் அதன்மேல் விரலை வைத்து மூன்று மூச்சு எண்ண வேண்டும், நாம் மூச்சை வெளியே விடும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி. நான்காவது, முதுகெலும்பிலிருந்து விலா எலும்புகளின் வளைவோடு கையைப் பரப்பி, அக்குளிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு வரை. அந்தக் கோட்டைத் தாண்டி முன்பக்கம் வரக்கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தமும் நீரும் வடிய ட்யூப் போட்டிருந்த ஓட்டைகள் வயிற்றின் மேல்பக்கம் இருக்கும், அவற்றுக்கும் தையலுக்கும் நான்கு விரல் தள்ளியே கை இருக்க வேண்டும். கடைசியில் தோளிலிருந்து விரல் நுனி வரை இரண்டு கையும், உள்ளங்கையும். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம், இருபதுக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள். பிபி மாத்திரையும் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றும். பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகு எழுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று, நாமே செய்துகொள்வது. மணிக்கு ஒரு தடவை இரண்டு தோளையும் காது பக்கம் தூக்கிப் பின்னால் உருட்டி இறக்க வேண்டும், பத்துத் தடவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பந்து போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை மூலையில் போட்டுவிடாமல் விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்குப் பத்துத் தடவை அதில் மூச்சை உள்ளே இழுங்கள். சளி இறங்குவதற்கு வழி அதுவும் நடையும்தான், நெஞ்சை உருவுவது கிடையாது. இதை நான் முன்பே உணர்ந்திருந்தால் பெரியம்மாவிடம் பதில் சொல்லியிருப்பேன்.

பெண்களுக்கு ஒரு விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். மார்பின் கனம் இரண்டு பக்கமும் தையலை இழுத்துக்கொண்டே இருக்கும். வலியில் ஒரு பெரும் பங்கு அதுதான். முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி வைக்காத பருத்தி உள்ளாடையை முதல் சில வாரம் இரவும் பகலும் போட்டுக்கொள்ளுங்கள். தையலுக்கு மேல் சலவை செய்த மெல்லிய பருத்தித் துணியை மடித்து வையுங்கள். நம் கடற்கரை வெக்கையில் மார்புக்குக் கீழே வியர்வை தங்கினால் தையலின் கீழ்நுனி சீழ் பிடிக்கும், நாளுக்கு இரண்டு முறை துடைத்து உலரவிட வேண்டும். நீவி விடுகிறவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதுகுக்கு மட்டும்தான் என்பதால் நைட்டியின் பின்பக்கத்தை மட்டும் திறந்தால் போதும்.

கால் விஷயத்தில் நான் தப்பித்தது அதிர்ஷ்டம். ஒட்டுப் போடுவதற்குக் காலிலிருந்தும் ரத்தக்குழாய் எடுத்திருப்பார்கள். அந்தக் கால் வீங்கும், கணுக்காலின் உள்பக்கம் மரத்திருக்கும். வீங்கிய கெண்டைக்காலைப் பிசையவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும், ஆளையே கொன்றுவிடும். படுக்கும்போது தலையணை அடுக்கிக் காலை இதயத்தைவிட உயரமாக வைப்பதும், கணுக்காலை ஆட்டுவதும், மருத்துவர் சொன்னால் இறுக்கமான காலுறை போடுவதும்தான் வழி. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வலி தைலங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் பல வலி தைலங்களில் வின்டர்கிரீன் எண்ணெய் அல்லது மெத்தில் சாலிசிலேட் என்று எழுதியிருக்கும். வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பெரிய பரப்பில் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் ரத்தத்தை இன்னும் நீர்த்துப்போகச் செய்யும். பல் ஈறில், மூக்கில் ரத்தம் வரும். அதேபோல வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக், இபுபுரூஃபென் வாங்கிப் போடுவது, ஊசி போட்டுக்கொள்வது பைபாஸ் ஆனவர்களுக்கு ஆகாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு. எனக்கு எழுதிக் கொடுத்தது பாரசிட்டமால் 650, நாளுக்கு மூன்று. எப்படியும் ஒரு நாளில் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு இருந்தால் இன்னும் குறைவு.

எந்த வலிக்கு நீவலாம் என்று எப்படித் தெரியும்? தசை வலி திரும்பினால், கையைத் தூக்கினால், தொட்டால் கூடும். இடம் காட்ட முடியும். நெஞ்சைக் கல் வைத்து அமுக்குவது போல வந்து, தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால் எண்ணெயைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் என்றாலும் 108 தான். தையலில் சிவப்பு, சீழ், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எலும்பில் 'டக்' சத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எல்லா நீவலையும் நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக வேண்டும்.

தையல் தழும்பைத் தொட்டது பன்னிரண்டாம் வாரம்தான். எனக்கு எலும்பு தாமதமானதால் அப்படி. மற்றவர்களுக்குப் பொருக்கு எல்லாம் உதிர்ந்து, ஈரம் கசியாமல், தோல் முழுதாக மூடிய பிறகு ஆறு எட்டு வாரத்தில் மருத்துவர் சொல்வார். இது எலும்பை அழுத்துவது கிடையாது, தோலை மட்டும் அசைப்பது. இரண்டு விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தழும்பின் மேலிருந்து தொடங்கிச் சின்ன வட்டம், பிறகு மேலும் கீழும், பிறகு இடமும் வலமும். தழும்பு அடியோடு ஒட்டிக்கிடக்கிற இடத்தில் தோலை லேசாகக் கிள்ளித் தூக்கி உருட்ட வேண்டும். விரலுக்குக் கீழே தோல் வெளுக்கிற அளவு அழுத்தினால் போதும். காலை ஐந்து நிமிடம், ராத்திரி ஐந்து நிமிடம். தழும்பு தடித்து, சிவந்து, அரித்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், நம் மக்களுக்கு நெஞ்சில் அப்படித் தடிப்பது அதிகம். எரிகிற இடது பக்கத்துக்குத் தனிப் பயிற்சி. முதலில் பஞ்சு, நான்கைந்து நாள் கழித்து மல் துணி, அப்புறம் துண்டு, ஒவ்வொன்றாலும் இரண்டு மூன்று நிமிடம் லேசாக வருட வேண்டும். துணி பட்டாலே துடித்த தோல் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகும் எரிச்சல் ராத்திரியில் எழுப்பினால் அது நரம்பு வலி. அதற்கு வேறு மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் வரவழைக்க வசதி இல்லாதவர்கள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் அடக்கம். டிஸ்சார்ஜ் தாளின் நகலை அவர்களிடம் கொடுத்து, "நெஞ்செலும்பு அறுத்துக் கம்பி போட்டிருக்கு, இந்தத் தேதி" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மரத்த இடம் உள்ளங்கை அகலத்திலிருந்து எலுமிச்சம்பழ அகலத்துக்கு வந்திருக்கிறது. வாடைக்காற்று வீசும் நாள்களில் தோள் கொஞ்சம் இறுகும். அன்று அக்கா வந்து ஸ்டூலை மேசைக்கு முன்னால் இழுத்துப் போடுவார். பெரியம்மாவும் கூட வருவார், எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைப்பது அவர் வேலை. போன மாதம் தேவிபட்டினத்தில் பைபாஸ் ஆன ஒருவருக்கு நீவக் கூப்பிட்டார்களாம். "முன்பக்கம் தொடமாட்டேன், கெண்டைக்கால் தொடமாட்டேன், டாக்டர்ட்ட கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.